விளியும் மறுமொழியும்: பிள்ளைத்தமிழ் மரபில் பேசாக் குழந்தையின் பங்கு

ஆய்வுச் சுருக்கம்

பிள்ளைத்தமிழின் பருவங்களைக் குழந்தை வளர்ச்சியின் படிநிலைகளோடு பொருத்திக் காட்டுவது அண்மைக்கால ஆய்வுகளில் பெருவழக்காகியுள்ளது. அப்பொருத்தம் பாட்டியல் நூல்கள் கூறும் திங்கள் கணக்கைச் சார்ந்து நிற்கிறதேயன்றி, பாடலில் யார் யாரை நோக்கிப் பேசுகின்றனர் என்பதைக் கருதுவதில்லை. இக்கட்டுரை பருவங்களின் விளி அமைப்பை ஆராய்ந்து, பேசத் தொடங்காத குழந்தைக்கும் பெற்றோருக்கும் இடையிலான உறவாடலில் குழந்தையின் பங்கு இலக்கியத்தில் எங்கு இடம்பெறுகிறது, எங்கு மறைகிறது என்பதைக் காண முயல்கிறது. பெரியாழ்வாரின் அம்புலிப் பாசுரங்கள், சேக்கிழார் காட்டும் சம்பந்தரின் சுட்டுவிரல், திருமுதுகுன்றமாகிய விருத்தாசலத்தின் தலமரபு, வாய்மொழித் தாலாட்டு ஆகியன சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பிள்ளைத்தமிழ், மழலை, விளி, அம்புலி, செங்கீரை, பெரியாழ்வார், திருமுதுகுன்றம், தாலாட்டு.

முன்னுரை

பிறந்த குழந்தை பேசுவதில்லை. ஆயினும் பெற்றோர் அதனோடு பேசுகின்றனர். அது மறுமொழி கூறியதாகவும் கொள்கின்றனர். அழுகை, சிரிப்பு, பார்வை, கையசைவு, பொருளற்ற ஒலி என்பவற்றிலிருந்து சொல் எவ்வாறு பிறக்கிறது என்னும் வினா கடந்த அரை நூற்றாண்டாக உளவியலாரையும் மொழியியலாரையும் ஈர்த்து வந்துள்ளது. தமிழில் இவ்வினாவுக்கு நெருக்கமான இலக்கிய வகை பிள்ளைத்தமிழ். பேசாக் குழந்தையை நோக்கியே நூல் முழுதும் பாடப்படும் ஒரு வகைமையை வளர்த்து, அதற்கு இலக்கணமும் வகுத்த பெருமை தமிழுக்கு உண்டு. இப்பெருமையே ஆய்வாளர்களுக்கு ஓர் இடறலாகவும் அமைந்துவிட்டது.

திங்கள் கணக்கும் அதன் போதாமையும்

தொல்காப்பியப் புறத்திணையியல் குழவியைப் பாடாண் பொருளாகக் கொள்ள இடந்தருகிறது. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கசோழன் பிள்ளைத்தமிழ் இவ்வகையில் இன்று கிடைக்கும் முதல் தனிநூலாகக் கருதப்படுகிறது. பின்வந்த பாட்டியல் நூல்கள் ஒவ்வொரு பருவத்துக்கும் உரிய திங்களை வரையறுத்தன. செங்கீரைக்கு 5ஆம் திங்கள், சப்பாணிக்கு 9ஆம் திங்கள், வருகைக்கு ஓராண்டை ஒட்டிய காலம் என்பன பரவலாக ஏற்கப்பட்டவை. தாலுக்கும் அம்புலிக்கும் உரிய திங்கள்களில் பாட்டியல் நூல்கள் தமக்குள் வேறுபடுகின்றன; ஒற்றைத் திங்கள்களை நிரல்பட வைத்து 21ஆம் திங்களில் முடிக்கும் கணக்கும் ஒன்று உண்டு.

பெரும்பாலான கட்டுரைகள் இவ்வரையறைகளை ஓர் அட்டவணையாக்கி, அதன் எதிரே மேலைநாட்டு வளர்ச்சி உளவியல் கூறும் திங்கள்களை நிறுத்துகின்றன. 5ஆம் திங்களில் குழந்தை தலை நிமிர்த்துகிறது, ஆகவே செங்கீரை. 9ஆம் திங்களில் கைகொட்டுகிறது, ஆகவே சப்பாணி. பண்டைத் தமிழர் குழந்தை உளவியலை முன்னரே அறிந்திருந்தனர் என்பது முடிவு. இதில் பிழை இல்லை என்றே தோன்றும். குழந்தை எப்போது தலை நிமிர்த்தும் என்பதை அறிய நூலறிவு வேண்டியதில்லை. குழந்தை வளர்த்த எந்தத் தாயும் அறிவாள். பாட்டியலார் அதைப் பதிவு செய்தனர் என்பது உண்மை. அதனாலேயே அது உளவியல் ஆகிவிடாது.

இதனினும் பெரிய இடர்ப்பாடு காப்புப் பருவத்தில் உள்ளது. காப்பு 2ஆம் திங்களிலோ 3ஆம் திங்களிலோ பாடப்பெறுவது. குழந்தை பெற்றோரின் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்குவதும் அக்காலமே. மேரி கேதரின் பேட்சன் 1975இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ மூன்று திங்கள் குழந்தையும் தாயும் ஒருவர் ஒலிக்க மற்றவர் காத்திருந்து பின் ஒலிக்கும் முறைமாற்றத்தைக் கண்டு, அதனை உரையாடலுக்கு முந்திய உரையாடல் என்றார். கோல்வின் டிரெவார்தனும் அவ்வயதினரிடமே உணர்வுப் பகிர்வின் முதல் வடிவத்தைக் கண்டார். ஆனால் காப்புப் பருவத்துப் பாடல்களில் குழந்தையை நோக்கி ஒரு சொல்லும் இல்லை. விளிக்கப்படுபவர் திருமாலும் சிவனும் உமையும் பிறருமாகிய தெய்வங்கள். குழந்தை அங்குப் படர்க்கை. உறவாடல் தொடங்கும் திங்களில் பிள்ளைத்தமிழின் தாய் குழந்தைக்கு முகம் கொடுக்காமல் தெய்வங்களை நோக்கித் திரும்பி நிற்கிறாள். அட்டவணை இதனைக் காட்டாது. இளஞ்சிசு இறப்பு மிகுந்திருந்த உலகில் காவல் வேண்டுதலே முதற்பேச்சாக அமைந்தது இயல்பே. ஆயினும் வயதைப் பொருத்துவோர் பேச்சின் திசையையும் பொருத்திப் பார்த்திருக்க வேண்டும்.

பொருளறியா மழலை

திசையைப் பற்றிய சிந்தனை பிள்ளைத்தமிழுக்கு முன்னரே தமிழில் உள்ளது. புறநானூற்று 188ஆம் பாடலில் பாண்டியன் அறிவுடை நம்பி காட்டும் குழந்தை குறுகக் குறுக நடந்து, கைநீட்டி, உணவை இட்டும் தொட்டும் கவ்வியும் மேலெல்லாம் சிதறியும் பெற்றோரை மயக்குகிறது. அப்பாடலில் குழந்தை ஒரு சொல்லும் பேசுவதில்லை. செயலே அதன் பேச்சு. திருக்குறளின் மக்கட்பேற்று அதிகாரமோ மழலையைக் குழலுக்கும் யாழுக்கும் மேலாக வைக்கிறது. அங்கு அளவுகோல் இனிமை.

ஔவையார் அதியமானைப் பாடிய 92ஆம் புறப்பாட்டு வேறொரு வழியில் செல்கிறது. குழந்தையின் மொழி யாழிசையோடு ஒவ்வாது, காலத்தோடு பொருந்தாது, பொருளும் அறியவாராது என்று மூன்று குறைகளை முதலில் ஒப்புக்கொண்டு, ஆயினும் தந்தையர்க்கு அது அருளை வரவழைக்கிறது என்கிறார். பின்னர்த் தம் பாட்டையும் அத்தகையதாக வைத்து, அஞ்சியின் அருளால்தான் அதற்குப் பொருள் என்கிறார். மழலையை வியப்போர் பலர். அதன் பொருள் ஒலிப்பவரிடத்தில் இல்லை, ஏற்பவரிடத்தில் இருக்கிறது என்று கூறுபவர் ஔவை. தாயைக் கூறாமல் தந்தையைக் கூறியதும் நோக்கத்தக்கது. புலவர் தம்மைக் குழந்தையின் இடத்தில் நிறுத்திக்கொண்ட இப்பாட்டு, புலவர் தம்மைத் தாயின் இடத்தில் நிறுத்திக்கொள்ளும் பிள்ளைத்தமிழுக்கு நேர் எதிரானது. பிள்ளைத்தமிழ் ஆய்வுகளில் இப்பாட்டு பெரும்பாலும் மழலையின் சிறப்புக்கு ஒரு மேற்கோளாக மட்டுமே நின்றுபோவது வருந்தத்தக்கது.

இன்றைய ஆய்வுகள் ஔவையின் கூற்றை ஓரளவு உறுதிசெய்கின்றன, ஓரளவு திருத்துகின்றன. எட்வர்ட் டிரானிக்கும் உடனாய்வாளரும் 1978இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த தாய் சிறிது நேரம் முகத்தில் எவ்வசைவுமின்றி இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டாள். குழந்தை முதலில் சிரித்தும் அசைந்தும் அவளை மீட்க முயன்றது. மறுமொழி இல்லாதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஏற்பவர் இல்லையெனில் உறவாடல் குலைகிறது என்பதில் ஔவை சரி. ஆனால் மீட்க முயன்றது குழந்தை. ஒலிப்பவரிடத்தும் ஏதோ ஒன்று இருக்கிறது. ஆன்டனி டிகாஸ்பரும் வில்லியம் ஃபைஃபரும் 1980இல் வெளியிட்ட ஆய்வு, பிறந்து மூன்று நாள் நிரம்பாத குழந்தைகள் சூப்பும் வேகத்தை மாற்றித் தம் தாயின் குரலையே கேட்க விழைந்தன என்று காட்டியது. குழந்தை வெற்றிடத்திலிருந்து தொடங்குவதில்லை. வயிற்றினுள் கேட்ட குரலோடு வருகிறது.

விளியின் இலக்கணம்

இவ்வொளியில் பருவங்களை மீண்டும் நோக்கினால், அவற்றின் நிரல் திங்கள்களின் நிரலாக மட்டும் தோன்றாது. காப்பில் குழந்தை படர்க்கை. செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை ஆகிய ஐந்திலும் குழந்தை முன்னிலை. ஆடு, உறங்கு, கைகொட்டு, முத்தம் தா, வா எனத் தாயின் கூற்று ஏவலாகவோ வேண்டுகோளாகவோ அமைகிறது. அம்புலியில் குழந்தை மீண்டும் படர்க்கையாகிறது. முன்னிலை நிலாவுக்குச் செல்கிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் சிற்றில் பருவத்தில் தாய் விலகிக்கொள்ள, மணல்வீடு கட்டிய சிறுமியர் பேசுகின்றனர். தம் வீட்டை அழிக்க வேண்டாம் என்று குழந்தையிடம் இறைஞ்சுகின்றனர்.

குழந்தையைப் பற்றிப் பேசுதல், குழந்தையோடு பேசுதல், குழந்தைக்காகப் பேசுதல், குழந்தையின் செயலுக்கு எதிர்நின்று பேசுதல் என்று இந்நிரல் விரிகிறது. இதனைப் பாட்டியலார் எங்கும் விதியாக வகுக்கவில்லை. அவர்கள் வகுத்த திங்கள்களைக் காட்டிலும், வகுக்காமல் விட்ட இவ்விளி மாற்றமே குழந்தையின் உறவாடல் வளர்ச்சிக்கு நெருங்கியது.

செங்கீரை என்னும் பெயரே இங்கு ஒரு வழக்கைத் தாங்கி நிற்கிறது. ஒருகாலை மடக்கி, ஒருகாலை நீட்டி, கைகளை நிலத்தில் ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடும் நிலை என்பது ஒரு விளக்கம். கீர் என்பது சொல்லைக் குறிக்குமாதலால், பொருள் தெளியாத ஒலியை எழுப்புமாறு குழந்தையை வேண்டுவதே செங்கீரை என்பது மற்றொரு விளக்கம். முதல் விளக்கம் குழந்தையை உடலாகவும் இரண்டாவது குரலாகவும் காண்கிறது. 5ஆம் திங்களை ஒட்டி இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்கின்றன: உடல் எழும்போது மார்பும் தொண்டையும் விடுபட்டு ஒலியின் வகைகள் பெருகுகின்றன, ஒரே அசையை அடுக்கிச் சொல்லும் மழலை அதன் பின்னர், 6 முதல் 10 திங்களுக்குள் வருகிறது. எனவே இரு விளக்கங்களுள் ஒன்றைத் தள்ளவேண்டிய கட்டாயம் இல்லை. தால் என்பதும் நாவைக் குறிக்கும் சொல்லே. தாய் நாவை அசைத்து எழுப்பும் ஒலியைக் குழந்தை முகத்தில் பார்க்கிறது. பின்னர்த் தானும் நாவை அசைத்துப் பார்க்கிறது.

ஆயினும் ஐந்து பருவங்களின் முன்னிலை விளி ஒருவழிப் பாதையே. தாய் கேட்கிறாள், குழந்தை செய்ததா என்பதைப் பாடல் கூறுவதில்லை. ஒவ்வொரு பாடலும் அதே வேண்டுகோளில் முடிந்து, அடுத்த பாடல் அதனையே மீண்டும் தொடங்குகிறது. பருவத்துக்குப் பத்துப் பாடல் என்னும் மரபில், பத்து முறை கேட்டும் முத்தம் கிடைத்ததாக ஒரு பாடலும் அறிவிப்பதில்லை. இது குறையன்று என்று வாதிடலாம். மறுமொழிக்கான இடம் பாடல்களுக்கு இடையே விடப்பட்டிருக்கிறது எனலாம். கைவீசுதல், சாய்ந்தாடுதல், உள்ளங்கையில் பருப்புக் கடைந்து பின்னர் நண்டு ஊர்வதாக விரல்களை நடத்தி அக்குளில் கிச்சுகிச்சு மூட்டுதல் ஆகிய வீட்டு விளையாட்டுகளில் அவ்விடைவெளி தெளிவாக உள்ளது. நண்டு தோளை நெருங்கும்போது தாய் சற்று நிறுத்துகிறாள். குழந்தை மூச்சை அடக்கி, வருவதை எதிர்நோக்கி, தொடுமுன்னரே சிரிக்கிறது. ஜெரோம் புரூனர் 1983இல் வெளியிட்ட நூலில், இத்தகைய மீண்டும் மீண்டும் நிகழும் விளையாட்டு வடிவங்களே குழந்தை மொழிக்குள் நுழையும் வாயில் என்றார். நண்டு விளையாட்டில் சில நாள்களிலேயே குழந்தை தன் கையைத் தானே நீட்டி அடுத்த ஆட்டத்தைக் கேட்கும். அந்தக் கை நீட்டல் பிற்காலப் பிள்ளைத்தமிழ் நூல்களில் காணக் கிடைப்பது அரிது.

பெரியாழ்வாரின் அம்புலி

அது காணக் கிடைக்கும் இடம் பெரியாழ்வார் திருமொழி. பிள்ளைத்தமிழ் இலக்கணம் உறுதிப்படுவதற்கு முன் எழுந்த இப்பாசுரங்களில் பருவ நிரலும் வேறு: தாலாட்டுக்குப் பின் அம்புலி, அதன்பின் செங்கீரை, சப்பாணி, தளர்நடை. வளர்ச்சி நிரலில் இது பிசகு என்று கருதுவோர் உளர். நிலாக் காட்டுதல் கைக்குழந்தைக்கே தொடங்கிவிடும் வழக்கம் என்பதை எண்ணினால் பிசகு எங்குள்ளது என்பது ஐயத்திற்குரியதாகும்.

முதற்பத்தின் நான்காம் திருமொழியில் யசோதை நிலவை நோக்கிப் பேசுகிறாள். என் குட்டன் தன் சிறு கைகளால் உன்னைக் காட்டிக் காட்டி அழைக்கிறான் என்கிறாள். வாயில் எச்சில் ஊற, முற்றாத இளஞ்சொல்லால் உன்னைக் கூவுகிறான். அவன் கூவிக்கொண்டே இருக்க நீ போய்விடுவாயானால் உன் செவியில் துளை இல்லையா என்று இடிக்கிறாள். இங்குக் குழந்தையிடம் தோன்றுபவை மூன்று: சுட்டுதல், பொருள் நோக்கிய பார்வை, சொல்லாகாத ஒலி. தாய் இம்மூன்றையும் ஒன்றாகப் படித்து, இது அழைப்பு என்று நிலவுக்கு மொழிபெயர்க்கிறாள்.

எலிசபெத் பேட்ஸும் உடனாய்வாளரும் 1975இல் குழந்தையின் சுட்டலை இருவகையாகப் பிரித்தனர். ஒன்று, வேண்டும் பொருளைப் பெறப் பெரியவரைக் கருவியாக்குவது. மற்றொன்று, பொருள் வேண்டாமலே அதோ பார் என்று பெரியவரின் கவனத்தைப் பங்கிடுவது. நிலாவைச் சுட்டும் குழந்தை எவ்வகை? நிலா வேண்டும் என்று கேட்பதாக யசோதை கொள்கிறாள். ஆனால் கிடைக்கக்கூடாத பொருள் ஒன்றைச் சுட்டும்போது வேண்டலுக்கும் பகிர்தலுக்கும் இடையிலுள்ள எல்லை மங்குகிறது. தமிழ்த் தாயர் பன்னூற்றாண்டுகளாகக் கைக்கெட்டாத நிலவையே குழந்தைக்குக் காட்டி வந்திருப்பதன் நுட்பம் இதில் உள்ளது எனலாம். கையில் கொடுக்க முடியாத பொருளைப் பற்றி இருவர் செய்யக்கூடியது சேர்ந்து பார்ப்பது ஒன்றே.

எலினார் ஓக்ஸும் பாம்பி ஷீஃபெலினும் 1984இல் எழுதிய கட்டுரையில் வரும் பாப்புவா நியூகினியின் கலூலித் தாயர் இங்கு ஒப்புநோக்கத்தக்கவர். குழந்தைக்கு இன்னும் புரியாது என்று கருதும் அவர்கள் அதனோடு உரையாடுவதில்லை; மாறாக, குழந்தையை வெளிமுகமாகத் திருப்பிப் பிடித்து, உயர்ந்த குரலில் அதற்காகப் பிறரிடம் பேசுகின்றனர். கைக்குழந்தையோடு கொஞ்சிப் பேசுதல் உலகெங்கும் ஒரே வகையில் நிகழும் என்னும் கருத்து இதனால் தளர்ந்தது. பெரியாழ்வாரின் யசோதை செங்கீரையில் குழந்தையோடு பேசுகிறாள். அம்புலியில் கலூலித் தாயைப் போலக் குழந்தைக்காகப் பேசுகிறாள். ஒரே தாயிடம் இரு முறைகளும் உள்ளன.

இரண்டாம் பத்தின் முதல் திருமொழியில் நிலை இன்னும் மாறுகிறது. கண்ணன் பூச்சி காட்டி அச்சுறுத்துகிறான். அஞ்சுவதாக நடிப்பவர் பெரியவர். விளையாட்டைத் தொடங்குபவன் குழந்தை. இத்திருமொழியின் பொருள் பிற்காலப் பிள்ளைத்தமிழில் தனிப்பருவமாகவில்லை என்பது தற்செயல் அன்று. குழந்தை தொடங்கும் ஆட்டத்தில் புலவருக்கு ஏவல் வினை கிடைப்பதில்லை.

அம்புலிப் பருவம் நிலைத்தது. ஆனால் அதன் உயிர் மாறியது. பிற்கால நூல்களில் அது சாம, பேத, தான, தண்டம் என்னும் நான்கு உபாயங்களால் நிலவை வழிக்குக் கொண்டுவரும் வாதமாயிற்று. நிலவும் குழந்தையும் ஒப்பு என்பதற்குச் சிலேடை. ஒப்பல்ல என்பதற்குப் புராணம். புலவர்க்கு அறைகூவலாக அமைந்த பருவம் இதுவே என்று போற்றப்படுகிறது, போற்றுதல் தகும். ஆனால் சுட்டிய சிறு கை இவ்வாதத்தினுள் எங்கே போயிற்று என்று வினவுவார் இல்லை. வழக்கறிஞர் வல்லமையோடு வாதிட, கட்சிக்காரர் மன்றத்தை விட்டுச் சென்றுவிட்ட நிலை அது. காந்தியடிகள் முதலிய தலைவர்கள்மீது 20ஆம் நூற்றாண்டில் பிள்ளைத்தமிழ் பாடப்பட்டபோது இந்நிலை முற்றுப்பெற்றது. பவுலா ரிச்மன் 1997இல் வெளியிட்ட நூலில் ஆண் புலவர் தாய்க்குரல் ஏற்பதை விரிவாக ஆராய்ந்துள்ளார். தாய்க்குரலைப் பற்றிக் கேட்ட அளவுக்குக் குழந்தையின் மறுமொழியைப் பற்றி ஆய்வுலகம் கேட்கவில்லை.

பெண்பாற் பிள்ளைத்தமிழில் இக்குறை இருமடங்காகிறது. சிற்றிலை அழிக்கும் ஆண்குழந்தைக்குத் தீங்கு செய்யவேனும் உரிமை உண்டு. அதன் செயலைக் கண்டு பிறர் இறைஞ்சுகின்றனர். மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்களான அம்மானை, நீராடல், ஊசல் ஆகியவற்றிலோ பெண்குழந்தை இறுதிவரை ஆடுமாறு வேண்டப்படுகிறாள். குமரகுருபரரின் கவித்திறன் இதனை மறைக்கிறது, மாற்றுவதில்லை.

சுட்டுவிரல்

பேசாக் குழந்தை பேசும் குழந்தையாவதைத் தமிழில் ஒரே நிகழ்ச்சியாகக் காட்டியவர் சேக்கிழார். சீகாழிக் குளக்கரையில் தந்தை நீரில் மூழ்க, மூன்று வயதுக் குழந்தை கோயிற் சிகரத்தைப் பார்த்துத் தாயையும் தந்தையையும் அழைத்து அழுகிறது. பால் கிடைக்கிறது. கரையேறிய தந்தை கடைவாயில் பால் வழியக் கண்டு, யார் கொடுத்தது என்று கோலோங்கிக் கேட்கிறார். குழந்தை விரலை உயர்த்திச் சுட்டிக் காட்டிப் பின்னர்ப் பாடுகிறது.

அழுகை, முகநோக்கு, உணவு, வினா, சுட்டல், சொல் என்னும் இவ்வரிசையில் சேக்கிழார் ஒரு படியையும் தாண்டவில்லை. அற்புதத்தைக் கூறவந்தவர் சுட்டலை விட்டுவிட்டு நேரே பதிகத்துக்குச் சென்றிருக்கலாம், செல்லவில்லை. தந்தையின் வினாவுக்கு முதல் மறுமொழி விரல். இரண்டாவது மறுமொழியே பாட்டு. இவ்விரல் வேண்டுகோள் அன்று. பால் முன்னரே கிடைத்துவிட்டது. தான் கண்டதைத் தந்தையும் காண வேண்டும் என்பதே அதன் பொருள். மேலே கூறிய இருவகைச் சுட்டலுள் இது இரண்டாவது வகைக்குத் தெளிந்த சான்று. தந்தைக்கு அங்கு எதுவும் தென்படவில்லை என்பது இக்காட்சியின் கூர்மை. பெற்றோர் எப்போதும் சுட்டிய திசையில் பொருளைக் காண்பதில்லை. குழந்தையின் முகத்தைப் பார்த்தே நம்ப வேண்டியிருக்கிறது.

முதுகுன்றத்து விளி

அதே சம்பந்தர் பதிகங்கள் பாடிய தலங்களுள் ஒன்று திருமுதுகுன்றம். மணிமுத்தாற்றங்கரையில் அமைந்த இன்றைய விருத்தாசலம். இத்தலத்தில் வழங்கும் குருநமசிவாயர் வரலாறு விளி பற்றிய ஆய்வுக்கு நேரடியாகப் பயன்படுவது. பசியோடு வந்த அவர் இத்தலத்து அம்மையைக் கிழவியென விளித்துப் பாடி உணவு கேட்டார். முதியவளாகத் தோன்றிய அம்மை, கிழவியால் எப்படிச் சோறு கொண்டுவர முடியும், இளையவளாகப் பாடு என்றாள். அவ்வாறே பாடியபின் இளையவளாக வந்து உணவளித்தாள் என்பது மரபு. பெரியநாயகியாகிய விருத்தாம்பிகையோடு பாலாம்பிகை என்னும் இளைய வடிவமும் இக்கோயிலில் வழிபடப்படுகிறது.

இக்கதையைத் தலப்பெருமையாக மட்டும் படிப்பது போதாது. எவ்வாறு விளிக்கிறோமோ அவ்வாறே விளிக்கப்படுபவர் வருவார் என்பது இதன் உட்பொருள். பிள்ளைத்தமிழ் என்னும் வகைமையே இந்நம்பிக்கைமீது நிற்கிறது. உலகீன்றவளைக் குழந்தையே என விளித்தால் அவள் குழந்தையாவாள். வீட்டிலும் நிகழ்வது இதுவே: பொருளற்று ஒலிக்கும் குழந்தையைப் பேசுபவளாக விளித்து விளித்தே பெற்றோர் அவளைப் பேசுபவளாக்குகின்றனர். ஆனால் முதுகுன்றத்துக் கதையில் பிள்ளைத்தமிழில் இல்லாத ஒன்று உண்டு. விளிக்கப்பட்டவள் மறுத்துப் பேசுகிறாள், விளி தவறு என்கிறாள், திருத்தியபின் வருகிறாள். தவறாகப் படிக்கப்பட்ட அழுகை ஓயாது தொடர்வதும், பசி அன்று தூக்கம் என்று தாய் திருத்திக்கொண்டவுடன் அடங்குவதும் இதே அமைப்பு. முதுகுன்றத்து அம்மை தன் விளியைத் தானே திருத்திய குழந்தை.

இதே ஊருக்கு இன்று பீங்கான் நகர் என்பது மற்றொரு பெயர். பீங்கான் தொழிற்பேட்டையும் அரசு பீங்கான் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமும் அமைந்த இவ்வூரில் அகல்விளக்கு, மின்காப்புப் பொருள்கள் முதலியவற்றோடு பொம்மைகளும் செய்யப்படுகின்றன. களிமண் குழம்பைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றினால், அச்சு நீரை உறிஞ்ச, உட்சுவரில் மண் படலமாகப் படியும். மிகுந்த குழம்பைக் கவிழ்த்துவிட்டு, உலர்ந்தபின் பிரித்தெடுத்துச் சீவிச் சூளையிலிடுவர். பொம்மைத் தொழிலில் நிலைபெற்ற உருக்களுள் ஒன்று தவழும் கண்ணன்: ஒரு முழங்கால் நிலத்தில், ஒரு கை மேலே, முகம் நிமிர்ந்து. செங்கீரையின் முதல் விளக்கத்துக்கு இதனினும் நெருங்கிய உருவம் இல்லை. பிள்ளைத்தமிழை அச்சில் வார்த்த இலக்கியம் என்று பழிப்போர் இத்தொழிலைக் கூர்ந்து நோக்கலாம். அச்சில் வார்த்த பொம்மைக்கு உள்ளீடு வெற்றிடம். ஆயினும் அதன் முகம் எப்போதும் எதிரில் இருப்பவரை நோக்கி நிமிர்ந்தே இருக்கும். பார்ப்பவர் புன்னகைக்கக் காரணம் அந்நிமிர்வே. குழந்தையிடமிருந்து அச்சு எடுத்துக்கொண்டது பார்வையின் திசையை. அதனால் தர முடியாதது, பார்ப்பவர் முகம் மாறினால் தானும் மாறும் தன்மையை.

தாலாட்டின் வினா

அத்தன்மை எழுத்திலக்கியத்தைக் காட்டிலும் வாய்மொழித் தாலாட்டில் மிகுதி. தூளியில் கிடந்து அழும் குழந்தையை நோக்கி, உன்னை அடித்தவர் யார் என்று கேட்கும் தாலாட்டு வகை தமிழகமெங்கும் அறியப்பட்டது. அத்தையா, மாமனா, பாட்டியா என்று உறவினரை ஒவ்வொருவராக வைத்து, அவர் எதனால் அடித்திருப்பார் என்றும் தாய் தானே கற்பித்துச் சொல்கிறாள். இதனை உறவுமுறை கற்பித்தலாகவும், புகுந்த வீட்டின்மீது தாய் கொண்ட குறையின் வெளிப்பாடாகவும் ஆய்வாளர் விளக்கியுள்ளனர். இரண்டும் பொருந்தும். மூன்றாவதாக ஒன்றும் உண்டு: இங்குத் தாய் ஏவவில்லை, வினவுகிறாள். அழுகையை நிறுத்து என்பதற்கு முன் அழுகை எதைச் சொல்கிறது என்கிறாள். பெயர்களை நிரல்படுத்தும்போது ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் குரல் தாழ்ந்து ஓர் இடைவெளி விழுகிறது. அழுகை தொடர்ந்தால் அடுத்த பெயர், தளர்ந்தால் அதே பெயரின் நீட்சி. பாட்டின் நீளத்தைத் தீர்மானிப்பது குழந்தை. பதிப்பிக்கப்பட்ட தாலாட்டுத் தொகுப்புகளில் இவ்விடைவெளிகள் அச்சாவதில்லை. சொற்கள் மட்டுமே உள்ளன. குழந்தையின் பங்கு தொகுப்பாளரின் கையேட்டுக்கு வந்து சேரும் முன்னரே உதிர்ந்துவிடுகிறது. எதிர்காலப் பதிவுகளிலேனும் குழந்தையின் ஒலியையும் தாய் நிறுத்திய இடங்களையும் குறிப்பது தேவை. ஒலிப்பதிவுக் கருவி எல்லாக் கைகளிலும் உள்ள இக்காலத்தில் இதற்குத் தடையில்லை.

மரபு பேசாக் குழந்தையை முற்றிலும் மறக்கவும் இல்லை. குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசாதிருந்தார். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பெற்றோர் அவரைத் திருச்செந்தூருக்குக் கொண்டுசென்றனர். அங்கு வாய்திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்பது அவர் வரலாறு. சம்பந்தர் வரலாற்றில் அழுகைக்கும் பாட்டுக்கும் இடையே ஒரு விரல் உண்டு. குமரகுருபரர் வரலாற்றிலோ அந்த ஐந்தாண்டுகள் ஒரு தொடரில் கடந்துபோகின்றன. அவ்வாண்டுகளில் அக்குழந்தை கையாலும் கண்ணாலும் எதையெல்லாம் கேட்டது, தாய் அதை எவ்வாறு படித்தாள் என்பது வரலாற்றாசிரியருக்குப் பொருளாகத் தோன்றவில்லை. அக்குழந்தையே பின்னர் மதுரையில் மீனாட்சியைச் செங்கீரை ஆடுமாறும், முத்தம் தருமாறும், வருமாறும் வேண்டினார். அப்பிள்ளைத்தமிழை அரங்கேற்றியபோது மீனாட்சி சிறுமியாக வந்து, திருமலை நாயக்கரின் முத்துமாலையைக் கழற்றிக் குமரகுருபரர் கழுத்தில் இட்டு மறைந்தாள் என்பர். நூலினுள் ஒரு மறுமொழியும் தராத குழந்தைக்கு நூலின் வெளியே மரபு கற்பித்த மறுமொழி அது. அதிலும் அவள் ஒன்றும் பேசவில்லை, கையை நீட்டினாள்.